மறுசீரமைத்த ஜாகுவார் மார்க் 2 வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் பழைய கார் விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள். 'முழுமையாக மறுசீரமைக்கப்பட்டது' என்ற வரி இல்லாமல் ஒரு ஜாகுவார் மார்க் 2 விற்பனைக்கு வருவது அபூர்வம். அந்த வரிக்குள் எது வேண்டுமானாலும் அடங்கும். கடைசி போல்ட் வரை கழற்றி, துருப்பிடித்ததை வெட்டியெறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த காரும் மறுசீரமைத்ததுதான். ஓட்டைமேல் பட்டி அப்பி, பளபளவென்று பெயின்ட் அடித்து, சீட்டுக்குப் புதுத் தோல் தைத்த காரும் மறுசீரமைத்ததுதான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சில குளிர்காலங்கள் போன பிறகே குட்டு வெளிப்படும்.

அதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. இந்தக் காரில் பணம் தங்கியிருப்பதும் கரைவதும் பாடியில்தான். இன்ஜினைப் பிரித்துக் கோர்க்கத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பாகங்களும் கிடைக்கின்றன. அழுகிய பாடியைச் சரிசெய்ய ஆகும் செலவில் நல்ல கார் ஒன்றையே வாங்கிவிடலாம்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். ஜாகுவாரை உருவாக்கிய வில்லியம் லயன்ஸ் 1955-இல் ஒரு சின்ன சொகுசு சலூனை இறக்கினார். அதைத் திருத்தி, கண்ணாடிகளைப் பெரிதாக்கி, பின் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டி, நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்து 1959 அக்டோபரில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வைத்ததுதான் மார்க் 2. கோவென்ட்ரி நகரின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் 1967 வரை 80,000-க்கும் மேல் தயாரானது. பிறகு மெலிந்த பம்பருடன் 240, 340 என்ற பெயர்களில் 1969 வரை தொடர்ந்தது. வங்கியில் கொள்ளையடித்தவர்களும் ஓட்டினார்கள், அவர்களைத் துரத்திய போலீஸும் ஓட்டியது. நான்கு பேர் சாய்ந்து உட்கார்ந்து மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொடக்கூடிய வண்டி அந்த விலையில் அப்போது வேறெங்கும் கிடையாது.

துரு ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை? இந்தக் காருக்குத் தனியாக சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. மெல்லிய தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்து ஒன்றோடொன்று வெல்டிங் செய்த பாடிதான் முழு எடையையும் தாங்குகிறது. அந்தப் பெட்டிகளின் உட்புறத்துக்குத் துருத்தடுப்பு என்று சொல்லும்படி எதுவும் அன்று செய்யவில்லை. பிரிட்டனிலோ குளிர்காலத்தில் பனி உருக சாலையெல்லாம் உப்புத் தூவுவார்கள். உப்புத் தண்ணீர் பெட்டிக்குள் போனால் வெளியே வர வழியில்லை.

முதல் படி: எந்த மார்க் 2 என்று முடிவு செய்யுங்கள்

மூன்று இன்ஜின்கள், மூன்றுமே ஜாகுவாரின் புகழ்பெற்ற எக்ஸ்.கே. ஆறு சிலிண்டர் குடும்பம். 2.4 லிட்டர் (2,483 சி.சி.) 120 குதிரைத்திறன், 3.4 லிட்டர் (3,442 சி.சி.) 210, 3.8 லிட்டர் (3,781 சி.சி.) 220. இவை அக்கால விளம்பரக் கணக்கு, கொஞ்சம் தாராளமாகவே போடப்பட்டவை.

2.4 அழகான கார், ஆனால் மந்தம். மணிக்கு 100 மைலைத் தொடவே திணறும். ஞாயிற்றுக்கிழமை கிராமச் சாலையில் உருட்ட அது போதும், விலையும் குறைவு. 3.8-க்குத்தான் மவுசு. பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் பவர்-லாக் டிஃபரன்ஷியல் அதில் நிலையான அம்சம். என்னைக் கேட்டால், ஓவர்டிரைவ் (வேகமாக ஓடும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) வைத்த மேனுவல் 3.4-தான் புத்திசாலித்தனமான தேர்வு. 3.8-க்கும் அதற்கும் ஓட்டும்போது தெரியும் வித்தியாசம் சொற்பம், விலையில் தெரியும் வித்தியாசம் அப்படியில்லை.

இன்னொரு வழியும் உண்டு. 1962-இல் இதே பாடியில், ஜாகுவார் வாங்கியிருந்த பிரிட்டிஷ் நிறுவனமான டெய்ம்லரின் இரண்டரை லிட்டர் வி8 இன்ஜினை வைத்து, முன்கிரில்லின் தலையில் வரிவரியான மடிப்பு கொடுத்து விற்றார்கள். 140 குதிரைத்திறன், பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். சத்தமே இல்லாமல் பட்டுப்போல ஓடும். ஜாகுவார் பெயர் இல்லாததாலேயே பலர் தாண்டிப்போகிறார்கள். மனைவி மக்களோடு கல்யாணங்களுக்குப் போய்வர வேண்டும் என்றால் நான் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

தயாரான ஆண்டும் முக்கியம். 1965 செப்டம்பருக்கு முந்தைய மேனுவல் கார்களில் மாஸ் என்ற பழைய கியர்பாக்ஸ் இருக்கும். பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் சின்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது, கியர் மாற்றும்போது அவசரப்பட்டால் கர்ரென்று கத்தும். அதற்குப் பிறகு வந்த முழு சின்க்ரோ கியர்பாக்ஸ் எவ்வளவோ தேவலை. 1966 செப்டம்பரில் செலவைக் குறைக்க சீட்டுகளுக்கு உண்மைத் தோலை விட்டுவிட்டு அம்ப்லா என்ற ரெக்ஸினுக்கு மாறினார்கள். தோல் வேண்டுமென்றால் கூடுதல் காசு. ஆகவே 1965 கடைசி, 1966 முன்பாதிக் கார்களில் இரண்டு நன்மையும் சேர்ந்து கிடைக்கும்.

இரண்டாம் படி: காரைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

நேரில் போகும் முன்பே விற்பவரிடம் நான்கு எண்களைக் கேளுங்கள்: சேஸிஸ் எண், இன்ஜின் எண், கியர்பாக்ஸ் எண், பாடி எண். தயங்காமல் போட்டோ எடுத்து அனுப்புகிறவர் பெரும்பாலும் நேர்மையானவர்.

சேஸிஸ் எண்ணே நிறைய சொல்லிவிடும். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள 2.4 காருக்கு எண் 100001-இல் தொடங்கும், 3.4-க்கு 150001, 3.8-க்கு 200001. விளம்பரத்தில் 3.8 என்று போட்டிருக்கிறது, எண்ணோ ஒன்றில் தொடங்குகிறது என்றால் யாரோ ஒருவர் சின்ன இன்ஜினை எடுத்துவிட்டுப் பெரியதை வைத்திருக்கிறார் என்று பொருள். கார் நன்றாகவே ஓடலாம். ஆனால் 3.8-இன் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. எண்ணுக்கு முன்னால் 'பி' (P) இருந்தால் பவர் ஸ்டியரிங்குடன் வந்த கார். பின்னால் 'டி.என்.' (DN) இருந்தால் ஓவர்டிரைவ், 'பி.டபிள்யூ.' (BW) இருந்தால் ஆட்டோமேட்டிக்.

பிறகு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்டின் சான்றிதழ். தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து, அந்தக் கார் எந்தத் தேதியில் தயாரானது, எந்த நிறத்தில், உள்ளே எந்த நிறத் தோலில், எந்த எண்ணுள்ள இன்ஜினோடு, எந்த விற்பனையாளருக்குப் போனது என்று எழுதித் தருவார்கள். இது விற்பவரிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். இப்போது அடர் சிவப்பாக மின்னும் கார் பிறக்கும்போது வெள்ளையாக இருந்தது என்று தெரிந்தால், கதவு ஓரங்களிலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் அந்த வெள்ளை இன்னும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஒளிந்திருந்தால், முழுக்கக் கழற்றாமல் மேலாக அடித்த பெயின்ட்.

அடுத்து மறுசீரமைப்பின் போட்டோக்கள். பளபளப்பாக முடிந்த காரின் படங்கள் எனக்குத் தேவையில்லை. பாதியில் நின்ற, அசிங்கமான படங்கள்தான் வேண்டும். சில் பகுதியை, அதாவது கதவுகளுக்குக் கீழே ஓடும் நீளமான பெட்டியை, வெட்டியெடுத்த படம் இருக்கிறதா? வெட்டும்போது கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்களா? முட்டுக் கொடுக்காமல் சில்லை வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை லட்சம் செலவழித்தாலும் கதவு ஒழுங்காக மூடாது. படத்தில் இருப்பது இதே கார்தானா என்று ஏதாவது அடையாளத்தை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எப்போது செய்த வேலை என்பதையும் கேளுங்கள். 1980-களின் கடைசியில் பழைய கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. அந்த ஏற்றத்தில் காசு பார்க்க நினைத்தவர்கள் அவசர அவசரமாகப் பல மார்க் 2-களைத் தேற்றி விற்றார்கள். சில வருடங்களில் சந்தை சரிந்தது, வேலை மட்டும் காருக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்தக் காலத்து 'முழு மறுசீரமைப்பு' இன்றைக்கு இன்னொரு மறுசீரமைப்புக்குக் காத்திருக்கும் கார் என்றே கணக்கிடுங்கள்.

எம்.ஓ.டி. என்பது பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனை. 2005-க்குப் பிறகு நடந்த சோதனைகளின் முடிவுகளை, பதிவெண்ணைக் கொடுத்து அரசின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். 'பின் ஸ்பிரிங் பிடிப்புக்கு அருகில் அரிப்பு' என்று 2011-இல் எழுதியிருந்து, அடுத்த வருடமே எந்த பில்லும் இல்லாமல் தேறியிருந்தால், அந்த இடத்தை நேரில் போய்த் தட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: இன்ஜினை ஆறவைக்கச் சொல்லுங்கள்

சின்ன விஷயம், ஆனால் மறக்காதீர்கள். 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒரு சத்தத்தையோ புகையையோ உங்களிடமிருந்து மறைக்கிறார்கள். மழையில் கார் பார்க்கப் போகாதீர்கள். ஈரமான பெயின்ட் எல்லாக் குறைகளையும் மூடிவிடும்.

நான்காம் படி: பாடி

உங்கள் நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். பழைய உடை போட்டுக்கொண்டு போங்கள், ஒரு டார்ச், ஒரு சின்ன காந்தம், தரையில் விரிக்க ஒரு பாய்.

முதலில் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்க வேண்டும். மேலே குறுகி கீழே விரிந்தாலோ, கீழே குறுகி மேலே விரிந்தாலோ, பாடி தொய்ந்திருக்கிறது அல்லது சில்லைத் தப்பாக வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்து மெதுவாக விடுங்கள். தானாகக் கீழே இறங்கினால் கீல் தேய்ந்ததாக இருக்கலாம், கீல் பிடித்திருக்கும் தூணே அழுகியதாகவும் இருக்கலாம். அந்தத் தூணை முன்சக்கரக் குழிக்குள்ளிருந்து பார்க்க வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால், சேறு தெறிக்காமல் இருக்க ஒரு தடுப்புத் தகடு இருக்கும். அதன் ரப்பர் ஓரம் பழுதானால் சேறெல்லாம் தகட்டுக்கும் தூணுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு வருடக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

இப்போது குனிந்து சில்லின் அடியில், ஜாக்கி வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் விரல்தான் கண். நல்ல சில்லில் வெல்டிங் ஓரம் கத்தி முனைபோல நேராக ஓடுவது விரலுக்குத் தெரியும், நடுநடுவே தண்ணீர் வடிய விட்ட சின்ன இடைவெளிகள் தட்டுப்படும். மோசமான சில்லில் ஓரமே இருக்காது. கெட்டியான கறுப்புப் பூச்சு வழுவழுவென்று வளைந்து போகும், நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்கும். அப்படிக் கறுப்புப் பூச்சை வாரி அப்பியிருப்பதைப் பார்த்தாலே உஷாராகிவிடுங்கள். ஓட்டையை அடைத்துவிட்டு, வடிகாலையும் சேர்த்து அடைத்திருப்பார்கள்.

காரின் முன்பக்கம் ரேடியேட்டருக்குக் கீழே குறுக்காக ஓடும் பெட்டித் தகடு அடுத்தது. அதன் இரு முனைகளிலிருந்தும் கிளைக்கும் சின்னத் தாங்கிகளை பிரிட்டிஷ் மெக்கானிக்குகள் காக்கைக்கால் என்பார்கள். மார்க் 2-வில் முதலில் அழுகுவது இவைதான். டார்ச்சைச் சக்கரக் குழிக்குள் நீட்டிப் பார்த்தால் தெரியும். ஹெட்லைட்டைச் சுற்றியும் மட்கார்டின் மேல்பக்கத்திலும் பெயின்டில் சின்னக் கொப்புளங்கள் இருந்தால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு கடுகளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும்.

பின்பக்கம் இன்னும் கவனம் வேண்டும். பின் சக்கரத்தைப் பாதி மூடியிருக்கும் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள், அது எளிதாகக் கழலும். அதற்குள் சக்கர வளைவின் உள் விளிம்பைத் தடவுங்கள். பின்பு காருக்கு அடியில் படுத்து, பின் லீஃப் ஸ்பிரிங்குகள் பாடிக்குள் நுழையும் பெட்டிகளைப் பாருங்கள். இந்தக் காரில் ஸ்பிரிங்கின் முன்பாதி பாடிக்குள் சொருகியிருக்கும், பின்முனைதான் ஆக்ஸிலைத் தாங்கும். அந்தப் பெட்டி அழுகினால் காரின் பின்பக்க எடை முழுவதும் துருப்பிடித்த தகட்டில் தொங்குகிறது என்று அர்த்தம். ஆக்ஸில் இடவலமாக நகராமல் பிடித்திருக்கும் பான்ஹார்ட் கம்பியின் பிடிப்பும் இங்கேதான். அது பிய்ந்து வந்த கார்கள் உண்டு. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் பாயைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் ரப்பர் போயிருக்கிறது.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டுகளின் கீழ்ப்பகுதி, கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு என்று நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி. ஒரு நுணுக்கம்: அக்காலத் தொழிற்சாலைகளில் தகடுகள் சேரும் மூட்டுகளை ஈயத்தை உருக்கி ஊற்றித்தான் சமப்படுத்தினார்கள். ஈயத்திலும் காந்தம் ஒட்டாது. ஆகவே கூரையும் பின்தூணும் சேரும் இடம் போன்ற மூட்டுகளில் காந்தம் தளர்ந்தால் உடனே பதற வேண்டாம். பரந்த தகட்டின் நடுவில் தளர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஐந்தாம் படி: இன்ஜின்

எக்ஸ்.கே. இன்ஜின் இரும்புப் பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் கொண்டது. உலோகம் இரண்டு வகை என்பதால், கூலன்ட் மாற்றாமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் ஹெட்டின் தண்ணீர்ப் பாதைகள் அரிக்கும், பிளாக்கின் பின்பக்கம் சேறு படியும். ஆறிய ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் தெளிவாக நிறத்தோடு இருக்க வேண்டும். காவி நிறத்தில் இருந்தால் பராமரிப்பு இல்லை. எண்ணெய்ப்பசை மிதந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை கொஞ்சம் வந்து மறைந்தால் பெரிய தவறில்லை. கார் சூடான பிறகும் தொடர்ந்தால் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. லேசான டிக் டிக் சத்தம் மேலிருந்து கேட்டால் நல்லதே, டப்பட் இடைவெளி இருக்கிறது என்று அடையாளம். முன்பக்கத்திலிருந்து சங்கிலி உராயும் கரகரப்புதான் ஆபத்து. இந்த இன்ஜினில் இரண்டு டைமிங் செயின்கள். மேல் செயினை இன்ஜின் இருந்த இடத்திலேயே இறுக்கிவிடலாம். கீழ் செயினைத் தொட வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்ஜினை வெளியே இறக்க வேண்டியிருக்கும்.

நன்றாகச் சூடேறிய பிறகு, நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் ஆயில் பிரஷர் 40 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் உடனே விலகிப் போகாதீர்கள். டேஷ்போர்டு மீட்டருக்குத் தகவல் அனுப்பும் மின்சார சென்சாரின் நம்பகத்தன்மை கெட்ட பெயர் வாங்கியது. நேரடியாக இயங்கும் மீட்டர் ஒன்றைப் பொருத்திப் பார்க்கக் கேளுங்கள். கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் எண்ணெய் கசிவது இந்த இன்ஜினின் பிறவிக்குணம். அங்கே இருப்பது கயிறு மாதிரியான சீல். தரையில் சில சொட்டு இருந்தால் மன்னிக்கலாம், குட்டையாக இருந்தால் விலையில் கழிக்கலாம்.

இன்ஜின் எண்ணின் கடைசியில் சாய்கோட்டுக்குப் பிறகு 7, 8, 9 என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது கம்ப்ரஷன் விகிதம். இதே குடும்பத்தின் 4.2 லிட்டர் இன்ஜினை வைத்த கார்களும் திரிகின்றன. ஓட்ட சுகமானவை, அசல் என்று சொல்லி விற்றால்தான் தப்பு.

ஆறாம் படி: ஓட்டிப் பாருங்கள்

குறைந்தது அரைமணி நேரம் ஓட்டுங்கள். தெருமுனை வரை போய்த் திரும்புவது ஓட்டிப் பார்ப்பதில் சேராது. ஏலத்தில் வாங்குவதானால் பொதுவாக இந்த வாய்ப்பே இருக்காது. புதிதாக வாங்குபவர்களுக்கு நான் ஏலத்தைச் சொல்லாததற்கு இதுவே காரணம்.

பவர் ஸ்டியரிங் இல்லாத கார் என்றால், நிறுத்துமிடத்தில் திருப்ப உடம்புக்கு நல்ல வேலை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக ஸ்டியரிங்கை நான்கு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். நேரே போகும்போது கொஞ்சம் ஆட்டம் இயல்பு, கார் தானாக ஒரு பக்கம் இழுப்பது இயல்பல்ல. பிரேக்கை அழுத்தும்போது ஒரு பக்கம் இழுத்தால், பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் இறுகிப் பிடித்திருக்கிறது. அடிக்கடி ஓட்டாத கார்களில் இது சாதாரணம். பிரேக் ஹைட்ராலிக் ஒரே சுற்றுதான், ஓரிடத்தில் குழாய் போனால் நான்கு சக்கரத்துக்கும் போய்விடும். குழாய்களை மாற்றிய பில் கேளுங்கள். ஹேண்ட்பிரேக் புதிதாக இருந்தபோதே சுமார்தான். மேட்டில் காரைத் தாங்கினால் சந்தோஷப்படுங்கள்.

கம்பிச் சக்கரம் உள்ள காரில், முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தி பிரேக் போடுங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் சக்கரத்தின் நடுப்பல் தேய்ந்திருக்கிறது. போக்குவரத்தில் நின்றபடி இரண்டு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு வெப்ப மீட்டரைக் கவனியுங்கள். முள் ஓரிடத்தில் நிற்க வேண்டும், ஏறிக்கொண்டே போகக் கூடாது. ஓவர்டிரைவ் இருந்தால் நான்காவது கியரில் போடுங்கள். ஓரிரு நொடியில் சுற்று வேகம் இறங்க வேண்டும்.

ஏழாம் படி: உள்ளே

வால்நட் மரத்தாலான டேஷ்போர்டு இந்தக் காரின் முகம். வேக மீட்டரும் சுற்று மீட்டரும் ஓட்டுநருக்கு எதிரே, நடுவில் நான்கு சின்ன மீட்டர்கள், அவற்றுக்குக் கீழே வரிசையாக நிற்கும் சுவிட்சுகள். நடுப்பலகையின் மேல் மூலைகளில் இரண்டு திருகுகள் இருக்கும். அவற்றைக் கையாலேயே கழற்றினால் பலகை முழுவதும் கீல் வைத்த கதவுபோல முன்பக்கம் சாய்ந்து இறங்கும். அதன் பின்னால் மொத்த வயரிங்கும் ஃப்யூஸ்களும் திறந்து கிடக்கும். இதை அவசியம் திறக்கச் சொல்லுங்கள். புது வயரிங் கட்டு ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் மறுசீரமைப்பு உள்வரை போயிருக்கிறது. விதவிதமான நிறத்தில் ஒட்டுப்போட்ட வயர்களும் இன்சுலேஷன் டேப்பும் தொங்கினால், மீதிக் காரையும் அப்படித்தான் செய்திருப்பார்கள். மார்க் 2 கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. பலர் நெகட்டிவாக மாற்றியிருப்பார்கள். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பேட்டரியில் கை வைக்காதீர்கள்.

மரத்தின் வார்னிஷ் வெடித்திருந்தாலும், தோல் காய்ந்து கீறியிருந்தாலும் சரிசெய்யலாம், ஆனால் கையைக் கடிக்கும். அதைவிட மோசம் குரோம். ஜன்னல் சட்டங்களிலிருந்து பம்பர் வரை இந்தக் காரில் குரோம் ஏராளம். மசாக் என்ற துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடி, விளக்குக் கூடு போன்றவற்றில் புள்ளிப் புள்ளியாக அரிப்பு வந்துவிட்டால் மறுபடி குரோம் ஏற்றுவது லேசில்லை. பெயின்ட் புதிது, குரோம் பழையது என்றிருக்கும் காரில் பட்ஜெட் எங்கே தீர்ந்தது என்று சொல்லாமலே புரியும்.

முன் சீட்டுகளின் முதுகில் மடக்கி வைத்த சின்ன மேசைகள் இருக்கின்றனவா, கீல் உடையாமல் விரிகின்றனவா என்றும் பாருங்கள். வாங்குபவர்கள் எல்லாரும் முதலில் விரித்துப் பார்ப்பது அதைத்தான்.

எட்டாம் படி: மாற்றங்களை எடைபோடுங்கள்

அசல் நிலையை விட்டு மாற்றிய எல்லாமே குறையல்ல. ஆல்டர்னேட்டர், எலெக்ட்ரானிக் இக்னிஷன், மின்விசிறி, நல்ல ரேடியேட்டர், சீட் பெல்ட் இவையெல்லாம் காரை ஓட்டத் தகுந்ததாக்கும். சீட் பெல்ட் இல்லாத காரில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவது பிரிட்டனில் சட்டவிரோதம், குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் கவனிக்க. ஐந்து கியர் பாக்ஸும் நவீன பவர் ஸ்டியரிங்கும் பொருத்திய கார்களுக்குத் தனி மதிப்பே உண்டு. கழற்றிய அசல் பாகங்களைச் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள்.

'கூம்ஸ்' என்ற பெயர் காதில் விழுந்தால் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கில்ட்ஃபோர்ட் நகர விற்பனையாளர் ஜான் கூம்ஸ் 1960-களில் மிகச் சில 3.8 கார்களை வேகத்துக்காகத் திருத்திக் கொடுத்தார். பானெட்டில் காற்றுப் பிளவுகள், பின்சக்கர வளைவு வெட்டித் திறந்தது, இவை அதன் அடையாளம். அதே பிளவுகளை எந்த டிங்கரிங் பட்டறையும் வெட்டிவிடலாம். கால வரிசைப்படி ஆதாரம் இல்லாத ஒவ்வொரு கூம்ஸும் நகல்தான், நகலுக்கு நகலின் விலைதான்.

ஒன்பதாம் படி: விலை பேசி முடியுங்கள்

இவ்வளவும் பார்த்துத் திருப்தியானாலும், மார்க் 2 மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்குக்குக் கட்டணம் கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். லிஃப்டில் ஏற்ற விடாத காரை விட்டுவிடுங்கள். விற்பவர் வியாபாரி என்றால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இல்லை.

மறுசீரமைப்புக்கு ஆன பில்களின் கூட்டுத்தொகை கேட்கும் விலையைவிட அதிகமாக இருப்பது சகஜம். அதைக் கேட்டு விற்பவருக்காக வருத்தப்பட வேண்டாம், உங்களுக்கு அதில்தான் லாபம். அரைகுறையாக நிற்கும் காரை மலிவாக வாங்கி நாமே முடிப்போம் என்ற ஆசைக்கு இந்தக் காரில் இடம் கொடுக்காதீர்கள்.

வி5சி என்பது பதிவு ஆவணம், நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தின் இடத்தில் இருப்பது. ஆனால் அதில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்றல்ல, கையெழுத்திட்ட ரசீது தனியாக வாங்க வேண்டும். அதிலுள்ள சேஸிஸ் எண்ணும், பானெட் பூட்டுக்கு அருகே ரேடியேட்டருக்கு முன்னால் தகட்டில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். 40 வயதைத் தாண்டிய வண்டி என்பதால் 'வரலாற்று வாகனம்' என்ற வகையில் சாலை வரி கிடையாது, எம்.ஓ.டி. பெரும்பாலும் கட்டாயமில்லை, லண்டனின் தூய காற்று மண்டலக் கட்டணமும் இல்லை. நெரிசல் கட்டணம் மட்டும் உண்டு. வரி பூஜ்யம் என்றாலும் உங்கள் பெயரில் புதிதாகப் பதிவு செய்தாக வேண்டும், பழைய உரிமையாளரின் வரி உங்களுக்கு மாறாது. கட்டாயமில்லாவிட்டாலும் வருடத்துக்கொரு முறை எம்.ஓ.டி. செய்துகொள்ளுங்கள். அடியில் படுத்துப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?

இன்ஷூரன்ஸை 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையில் எடுங்கள். இல்லையென்றால் விபத்து நடந்த அன்று கம்பெனி சொல்வதுதான் விலை.

பத்தாம் படி: முதல் சில மாதங்கள்

வீட்டுக்கு வந்ததும் எல்லாத் திரவங்களையும் மாற்றுங்கள்: 20-50 கிரேடு ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில். முன் சஸ்பென்ஷனிலும் ஸ்டியரிங்கிலும் உள்ள நிப்பிள்கள் ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் அடியுங்கள். கைப்புத்தகத்தில் அவற்றின் படம் இருக்கும், யாரும் அடிக்காத ஒன்றிரண்டு கட்டாயம் அகப்படும். பெட்ரோலில் 2021 முதல் பிரிட்டனில் 10 சதவீத எத்தனால் கலந்த இ10-தான் வழக்கமான ரகம். அது பழைய ரப்பர் குழாய்களைத் தின்னும். 5 சதவீதம் கலந்த சூப்பர் ரகத்தையே போடுங்கள், குழாய்களையும் எத்தனால் தாங்குபவையாக மாற்றிவிடுங்கள். ஈயமில்லா பெட்ரோலைப் பற்றிப் பயம் வேண்டாம். அலுமினிய ஹெட்டில் வால்வு இருக்கைகளைத் தனி வளையமாகப் பொருத்தியிருப்பதால் சாதாரண ஓட்டத்துக்குப் பிரச்சினை வராது.

வாரம் ஒரு முறையாவது, இன்ஜின் முழுக்கச் சூடேறும் அளவுக்கு ஓட்டுங்கள். சில்களுக்குள்ளும் ஸ்பிரிங் பெட்டிகளுக்குள்ளும் துருத்தடுப்பு மெழுகை நீண்ட குழாய் வைத்துப் பீய்ச்சுவதை முதல் கோடையிலேயே செய்துவிடுங்கள், தகடு நன்றாகக் காய்ந்திருக்கும் பருவம் அது. சாலையில் உப்புப் போட ஆரம்பித்ததும் காரை உள்ளே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் உறையால் மூடாதீர்கள், அடியில் ஈரம் தேங்கும். காற்றுப் புகும் துணி உறை போதும். வசந்தத்தில் ஒன்றிரண்டு நல்ல மழை பெய்து உப்பைக் கழுவிய பிறகு வெளியே எடுக்கலாம்.